திருத்துவது வேறு, கருத்துச் சொல்வது வேறு: சக மாணவர் பின்னூட்டம் ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் "பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற ஆசிரியரின் குரல் நினைவிருக்கும். சொல்வதெழுதுதலோ ஒரு மதிப்பெண் வினாத் தேர்வோ முடிந்தவுடன் நோட்டுகள் கைமாறும். ஆசிரியர் விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் சரியென்றும் தவறென்றும் குறியிடுவார்கள். கடைசியில் பத்துக்கு எத்தனை என்று எண்ணிப் போட்டு, "திருத்தியவர்" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருவார்கள். அந்தக் கையொப்பத்தை இடுவதற்காகவே நான் என் விடைகளை அவசர அவசரமாக எழுதி முடித்ததுண்டு. சக மாணவர் மதிப்பீடு என்று சொன்னவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது இந்தக் காட்சிதான். ஆனால் இது சக மாணவர் மதிப்பீடு அன்று. விடை எது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மாணவர் ஆசிரியரின் கையாக இருந்து குறியிடுகிறார், அவ்வளவே. எதிரே இருக்கும் நோட்டில் எழுதியவர் என்ன நினைத்து அந்த விடையை எழுதினார் என்று யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

சக மாணவர் பின்னூட்டம் என்பது, ஒரு மாணவர் செய்த வேலையை இன்னொரு மாணவர், இருவரும் அறிந்த ஓர் அளவுகோலைக் கொண்டு பார்த்து, அதில் எது நன்றாக அமைந்திருக்கிறது, எது விளங்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பவற்றைச் செய்தவரிடமே சொல்லுவதும், அதைக் கேட்டவர் அந்த வேலையை மறுபடி செய்வதும் ஆகும். இந்த வரையறையில் "மறுபடி செய்வதும்" என்ற சொற்களைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். திருத்தி எழுத வாய்ப்புத் தராத வகுப்பில் பின்னூட்டம் எவ்வளவு நயமாகச் சொல்லப்பட்டாலும் அது சடங்காகவே முடிகிறது.

மாற்று வகுப்பறை என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். மாண்டிசோரி பள்ளி, கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளைப் பள்ளிகள், கிராமப்புறங்களில் தனியார் முயற்சியால் நடக்கும் சிறு பள்ளிகள் ஆகியவை மட்டுமே மாற்றுப் பள்ளிகள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆசிரியர் பேச மாணவர் கேட்பது, எல்லோரும் ஒரே நாளில் ஒரே தேர்வு எழுதுவது, பிறகு வரிசைப்படுத்துவது என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றையாவது கைவிட்ட வகுப்பறை எதுவும், அது அரசுப் பள்ளியில் இருந்தாலும், இக்கட்டுரையில் மாற்று வகுப்பறைதான்.

மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

ஒரு கட்டுரைக்குப் பத்துக்கு ஆறு என்று போடும்போது, பல வகையான செய்திகளை ஒரே எண்ணுக்குள் அடைக்கிறோம். கருத்து நன்று, எழுத்துப் பிழை அதிகம், முடிவு அவசரமாக இருக்கிறது, ஆனால் போன முறையைவிடத் தேறியிருக்கிறார் என்பதெல்லாம் ஆசிரியரின் மனத்தில் ஓடியிருக்கலாம். மாணவருக்குக் கிடைப்பது ஆறு மட்டும். இழந்த நான்கு எங்கே போயிற்று என்பதை அவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஊகிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு எத்தனை என்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

எண்ணாக இருப்பதால் மதிப்பெண் துல்லியமானது என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதன்று. 1912, 1913ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் பரந்து சிதறியிருந்தன. ஆங்கிலம் என்பதால் அப்படி ஆயிற்று, கணக்கில் அவ்வாறு நிகழாது என்ற மறுப்பு எழுந்ததும் வடிவியல் தாள் ஒன்றை அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு 30க்கும் குறைவாகப் போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் தருவதா, விடைக்கு மட்டும் தருவதா, சுத்தமாக எழுதாததற்குக் குறைப்பதா என்று ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்ததே காரணம்.

மதிப்பெண்ணுக்குப் பதில் ஏ, பி, சி என்று தரநிலை தருவது இதற்குத் தீர்வா என்றால், இல்லை என்பதே என் கருத்து. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை வந்தது. அதில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று தரநிலைகள் வகுக்கப்பட்டன. 92க்கும் 97க்கும் இடையிலான போட்டியை இது மறைத்தது; அந்த அளவில் நல்லதுதான். ஆனால் பி1 என்ற எழுத்தும் மாணவரிடம் அடுத்து என்ன செய்வது என்று சொல்வதில்லை. மதிப்பெண் நுண்ணிய சல்லடை என்றால் தரநிலை பெரிய கண் சல்லடை. இரண்டும் சலிக்கத்தான் செய்கின்றன.

அதே முறையில் இன்னொரு பகுதி கூடுதல் கவனத்திற்குரியது. பருவ மதிப்பெண் நூறில் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும், 40 வளரறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்த இரு சொற்களும் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் மதிப்பீட்டியலில் வகுத்த வேறுபாட்டின் தமிழ் வடிவங்கள். கற்றல் முடிந்தபின் என்ன விளைந்தது என்று தொகுத்துச் சொல்வது தொகுத்தறி மதிப்பீடு. கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே அதை வளர்ப்பதற்காகச் செய்வது வளரறி மதிப்பீடு. ஆகவே வளரறி மதிப்பீட்டின் பயன், அதைப் பெற்ற மாணவர் அதைக்கொண்டு எதையாவது மாற்றிச் செய்தாரா என்பதில்தான் இருக்கிறது. அதற்கே 20 மதிப்பெண் செயல்பாடுகளுக்கு, 20 சிறுதேர்வுகளுக்கு என்று எண் ஒதுக்கியபோது, பல வகுப்புகளில் அது பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கிப்போனதில் வியப்பில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டம் போட்டுக் கொடுத்தால் கட்டம் நிரம்பத்தான் செய்யும்.

ஓர் ஊருணியும் மூன்று கருத்துகளும்

பின்னூட்டம் எப்படி இயங்குகிறது என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். சிவகங்கைப் பக்கத்து ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் ஊரைப் பற்றி இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"எங்கள் ஊரில் ஒரு ஊருணி இருக்கிறது. அது மிகவும் அழகாக இருக்கும். எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அது சுத்தமாக இல்லை. நாம் நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்."

இதை மூன்று வகுப்புத் தோழர்கள் படிக்கிறார்கள். முதலாமவர், "சூப்பர், நல்லா எழுதியிருக்கே" என்கிறார். இரண்டாமவர், "ஒரு ஊருணி தப்பு, ஓர் ஊருணின்னு வரணும். கையெழுத்தும் சரியில்லை" என்கிறார். மூன்றாமவர், "எல்லோரும் பயன்படுத்துறாங்கன்னு எழுதியிருக்கே, எதுக்குப் பயன்படுத்துறாங்க? எங்க ஊர் ஊருணியில காலே வைக்க விடமாட்டாங்க. உங்க ஊர்ல குளிப்பாங்களா?" என்று கேட்கிறார்.

முதல் கருத்து மகிழ்ச்சி தருகிறது. எழுதியவர் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது கருத்தின் முற்பகுதி சரியானது. பிற்பகுதி ஆளைப் புண்படுத்துகிறதே தவிர எந்த எழுத்து படிக்க முடியவில்லை என்று சொல்லவில்லை. மூன்றாவது கருத்து புகழவும் இல்லை, குற்றம் காணவும் இல்லை. படித்தவருக்கு உண்மையிலேயே ஓர் ஐயம் வந்திருக்கிறது, அதைக் கேட்டிருக்கிறார். மாணவி வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரித்துவிட்டு மறுநாள் திருத்தி எழுதி வருகிறார்:

"எங்கள் ஊர் ஊருணியில் முன்பு யாரும் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. என் பாட்டி குடத்தின் வாயில் துணியைக் கட்டித் தண்ணீர் மொண்டு வருவாராம். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு யாரும் அங்கே குடிதண்ணீர் எடுப்பதில்லை. அதனால் காவலும் இல்லை. போன மாதம் ஒருவர் அங்கே வண்டி கழுவினார். யாரும் எதுவும் சொல்லவில்லை."

முதல் படியில் இருந்த "ஒரு ஊருணி" என்ற பிழை தனியே திருத்தாமலேயே மறைந்துவிட்டது, ஏனென்றால் அந்த வாக்கியமே இப்போது தேவைப்படவில்லை. "பாதுகாக்க வேண்டும்" என்ற அறிவுரையும் போய்விட்டது. அதன் இடத்தில் வண்டி கழுவியவர் வந்து நிற்கிறார்.

இந்த மாற்றத்தை ஆசிரியரின் கருத்தும் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் ஆசிரியருக்கு இல்லாத ஒரு வசதி சக மாணவருக்கு இருக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்டால், விடை அவருக்குத் தெரியும், நம்மைச் சோதிக்கிறார் என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். பக்கத்து ஊர்த் தோழர் கேட்கும்போது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும் என்ற உந்துதலில்தான் எழுத்து தெளிவடைகிறது. சக மாணவர் பின்னூட்டத்தை ஆசிரியரின் திருத்தும் சுமையைக் குறைக்கும் உத்தியாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். சக மாணவர் அரைகுறை ஆசிரியராக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, முழுமையான வாசகராக உட்கார்ந்திருக்கிறார்.

பின்னூட்டம் தந்தவருக்கும் இதில் பங்குண்டு. "எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்ட மாணவர் தம் நோட்டைத் திறந்து பார்க்கும்போது, அங்கேயும் "எல்லோரும் கொண்டாடுவார்கள்" என்று ஒரு வாக்கியம் படுத்திருப்பதைக் காண்பார். நன்னூலின் பொதுப்பாயிரம் இதை வேறு வகையில் எப்போதோ கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாக உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால் பங்கு வரும். பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கு வரும் என்பது பவணந்தியார் தரும் பங்கீடு. ஆசிரியருக்கு ஒதுக்கியது கால்தான் என்பதை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் சொன்னால் சற்றே சலசலப்பு எழுகிறது.

கருத்தும் மதிப்பெண்ணும் சேர்ந்து வரும்போது

கருத்தையும் எழுதி, மதிப்பெண்ணையும் போட்டுவிட்டால் இரண்டு நன்மையும் கிடைக்குமே என்ற கேள்வி இயல்பாக எழும். இதைத்தான் இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய கருத்துகளை மட்டும் எழுதித் தந்தார். இன்னொரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு மதிப்பெண்ணும் கருத்தும். அடுத்தடுத்த வேலைகளில் கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குன்றவில்லை. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரண்டையும் பெற்றவர்கள் நடுவில் எங்கேயாவது நிற்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்; அவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்தவுடன் கருத்தைப் படிக்கும் தேவை அவர்களுக்கு முடிந்துவிட்டது போலும்.

திருத்திய விடைத்தாளைக் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பிலும் இதைக் காணலாம். தாள் கைக்கு வந்ததும் கண் முதல் பக்கத்தின் மேல் மூலைக்குத்தான் போகும். உள்ளே ஆசிரியர் இரவு கண்விழித்து எழுதிய குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலர். ஆகவே மாற்று வகுப்பறைகள் பலவற்றில் ஓர் எளிய ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறது: முதல் படிக்குக் கருத்து மட்டும், திருத்திய படி வந்த பிறகே, தேவையென்றால், தரம். இந்த வரிசையை மாற்றினால் மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயன் குறைந்துவிடும்.

அளவுகோல் யாரிடம் இருக்க வேண்டும்?

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் சொன்ன கருத்து, இத்துறையில் பின்னர் எழுதப்பட்ட பலவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது. ஒரு மாணவர் தேற வேண்டுமானால், நல்ல வேலை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தம் வேலையை அதனுடன் ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்; இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான வகுப்பில் முதல் இரண்டும் ஆசிரியரின் மனத்திலேயே பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பூட்டைத் திறப்பதற்கான வழியாகத்தான் அளவுகோலை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்குகிறார்கள்.

நடைமுறையில் இது இப்படி இருக்கும். யார் எழுதியது என்று தெரியாத இரண்டு கட்டுரைகளை ஆசிரியர் வகுப்பில் வாசிக்கிறார். எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று கேட்கிறார். "இதுல மாட்டு வண்டியோட சத்தம் வருது" என்று ஒரு மாணவர் சொன்னால், "காதில் கேட்பது போல ஒரு செய்தியாவது இருக்க வேண்டும்" என்று கரும்பலகையில் ஏறும். இப்படி மாணவர்களின் சொற்களிலேயே மூன்று நான்கு வரிகள் சேரும். "மொழி நடை 3, கருத்துச் செறிவு 4, வடிவமைப்பு 3" என்று அச்சிட்டுத் தரும் பட்டியலைவிட இந்த மூன்று வரிகள் பயன்படும், ஏனென்றால் கருத்துச் செறிவு என்றால் என்னவென்று ஆறாம் வகுப்பு மாணவருக்குத் தெரியாது. சத்தம் வருகிறதா இல்லையா என்பது தெரியும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்ஸி நகரப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்புச் சிறுவன் வரைந்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் ஆசிரியர் வட்டங்களில் பரவலாக அறியப்பட்டவை. புகைப்படத்தைப் பார்த்து அறிவியலாளரைப் போல வரைய வேண்டும் என்பது பணி. முதல் படம், புகைப்படத்தைப் பார்க்காமலே அந்த வயதுக் குழந்தைகள் வரையும் பொதுவான வண்ணத்துப்பூச்சி. வகுப்புத் தோழர்கள் முதலில் இறகின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள்: இன்னும் கூர்மையாக, முக்கோணம் போல இருக்க வேண்டும் என்று. வடிவம் சரியான பிறகுதான் இறகில் உள்ள கோடுகளுக்கு வந்தார்கள். ஆறாவது முறை வரைந்த படம் ஒரு களக் கையேட்டில் இடம்பெறும் தரத்தில் இருந்தது. இதில் நான் அதிகம் மதிப்பது அந்த வரிசையை. வடிவம், கோடு, வண்ணம் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டியிருந்தால் அந்தச் சிறுவன் இரண்டாவது படத்தையே வரைந்திருக்க மாட்டான்.

நம்மிடம் இருந்தது, இருப்பது

உடன் படிப்பவரிடம் கற்பது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பாளர் ஆண்ட்ரு பெல், உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மறுத்த ஆசிரியர்களுக்குப் பதிலாக மூத்த சிறுவர்களைக் கற்பிக்க வைத்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையால் "மதராஸ் முறை" இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர். ஆனால் சட்டாம்பிள்ளை முறையைச் சக மாணவர் பின்னூட்டத்தின் முன்னோடி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே அதிகாரம் ஒரு படி கீழிறங்கியது, அவ்வளவுதான். கையில் பிரம்பு வைத்திருப்பவர் சக மாணவர் அல்லர்.

அதைவிட நெருங்கிய முன்மாதிரி நம் அரசுப் பள்ளிகளிலேயே இருந்தது. ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கு ஊரகக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிந்தது. அவ்வகுப்பறையில் பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் தாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய சின்னமும் எண்ணும் கொண்ட அட்டையை மாணவரே தட்டிலிருந்து எடுத்துவருவார். அட்டையில் உள்ள சின்னம், அவர் ஆசிரியர் துணையோடு கற்கும் குழுவில் உட்கார வேண்டுமா, சக மாணவர் துணையோடு கற்கும் குழுவில் உட்கார வேண்டுமா, தாமே செய்ய வேண்டுமா என்று சொல்லும். மதிப்பீடும் ஏணியில் ஓர் அட்டையாகவே வரும். அதை முடித்தால் அடுத்த மைல்கல், இல்லையென்றால் வலுவூட்டும் அட்டை. தேர்வு நாள் என்று ஒன்று இல்லை, முதல் மதிப்பெண் என்று ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒரே நாளில் இருபது பேர் இருபது படிகளில் இருப்பார்கள். வருகைப் பதிவைக்கூடக் குழந்தைகளே குறித்துக்கொண்டார்கள். அட்டைகள் கிழிந்து போனால் மாற்று வருவதில்லை, மாணவர்கள் அதிகமுள்ள வகுப்பில் ஒரு குழு கவனிப்பாரின்றிப் போகும் என்ற குறைகள் உண்மையானவை. என்றாலும் "உனக்கு எத்தனை?" என்ற கேள்வி "நீ எந்த அட்டை?" என்று மாறியது சிறிய மாற்றமன்று. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளிலும் இதன் சாயல் உண்டு.

ஆனால் செயல்வழிக் கற்றலில் சக மாணவர் செய்தது பெரும்பாலும் துணை. அதாவது படி தாண்டியவர் தாண்டாதவருக்கு உதவுவது. பின்னூட்டத்தில் அத்தகைய ஏற்றத்தாழ்வு தேவையில்லை. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறையில் இதற்கு இடம் இருந்தது. ஒவ்வொருவரும் பாடத்தைப் படித்துத் தனியே மனவரைபடம் வரைந்து, பிறகு குழுவில் அமர்ந்து ஒப்பிட்டு ஒரே வரைபடமாக்க வேண்டும். "நீ இதை ஏன் இங்கே கொண்டுவந்து இணைத்தாய்?" என்று ஒருவர் கேட்கும் நொடிதான் அதன் உயிர். வண்ணப் பென்சிலால் அழகுபடுத்துவதில் அந்த நொடியைத் தொலைத்த வகுப்புகளும் உண்டு.

மாணவர் மாணவருக்கு மதிப்பெண் போடலாமா?

போடக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. பல்கலைக்கழகங்களிலும் இணைய வழிப் படிப்புகளிலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் தரும் முறை உண்டு. பலர் தரும் மதிப்பெண்களின் நடு மதிப்பை எடுத்துக்கொண்டால் அது ஆசிரியர் தருவதற்கு ஓரளவு நெருங்கியும் வரலாம். பள்ளி வகுப்பறையின் நிலை வேறு. அங்கே நட்பு மதிப்பெண் போடும், பகை குறைக்கும். எந்தத் தெருவிலிருந்து வருகிறார், யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார் என்பவையும் பேனாவுக்குள் புகுந்துகொள்ளும். சாதியைப் பெயரளவில் வெளியே நிறுத்தினாலும் இருக்கை வரிசையில் அது உள்ளே வந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருத்தாக இருந்தால் ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்து, "இது வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா?" என்று கேட்க முடியும். எண்ணாக இருந்தால் எதையும் கேட்க முடியாது.

அப்படியானால் இறுதித் தரத்தை யார் தருவது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள எவர்கிரீன் அரசுக் கல்லூரியில் தரநிலைக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு விவரண அறிக்கை எழுதுகிறார். மாணவரும் தம்மைப் பற்றி ஒரு தன்மதிப்பீடு எழுதுகிறார். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகமும் 1965இல் தொடங்கியது முதல் இத்தகைய அறிக்கைகளைத் தந்துவந்தது. 2000இல் பேராசிரியர்கள் வாக்களித்துத் தரநிலைகளைக் கட்டாயமாக்கினார்கள். வெளியுலகம் எண்ணைக் கேட்கும்போது பள்ளி தனித்து நிற்பது எளிதன்று. நம் மாற்றுப் பள்ளிகளும் பத்தாம் வகுப்பு நெருங்கும்போது இதே சுவரில் முட்டுகின்றன. இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 எட்டாம் வகுப்பு முடியும் வரை வாரியத் தேர்வு கூடாது என்று சொல்வதால், அதுவரை உள்ள எட்டு ஆண்டுகள் இதற்கான திறந்த வெளி. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசே கைவிட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

முதல் முறை செய்து பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதை ஒரே நாளில் முழுமையாகக் கொண்டுவர முயன்றால் கூச்சல்தான் மிஞ்சும். ஒரே ஒரு பத்தி, ஒரே ஓர் அளவுகோல், இரண்டு பேர் கொண்ட இணை என்று தொடங்குவது நல்லது. முதலில் ஆசிரியர் தாம் எழுதிய பத்தியைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைக் கருத்துச் சொல்லவைக்க வேண்டும். ஆசிரியரின் எழுத்தைக் கேள்வி கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால்தான் தோழரின் எழுத்தைக் கேட்கும் துணிவு வரும். "நன்றாக இருக்கிறது" என்ற சொல்லுக்கு அன்று ஒரு நாள் தடை போடலாம். எந்த வரி நன்றாக இருக்கிறது என்று அடிக்கோடிட்டுக் காட்டினால் மட்டும் அனுமதி. அதன் பிறகு படித்தபோது எழுந்த ஒரு கேள்வி. இவ்விரண்டும் போதும்.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்றால், படிப்பதற்கும் சொல்வதற்கும் பதினைந்து நிமிடம் விட்டு, மீதி நேரம் முழுவதையும் திருத்தி எழுதுவதற்கே ஒதுக்க வேண்டும். சொன்ன கருத்தை எழுதியவர் ஏற்றுக்கொள்ளாமலும் இருக்கலாம். ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் அதுவும் கற்றலே. இரண்டு படிகளையும் சேர்த்துத் தைத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது அவசியம். பெற்றோர் கூட்டத்தில் "பிள்ளை எத்தனாவது ரேங்க் சார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். அப்போது ஊருணியைப் பற்றிய முதல் படியையும் இரண்டாம் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடமே படிக்கக் கொடுக்கலாம். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்; வண்டி கழுவியவர் யார் என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.